முகமூடிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் கயிறு

அம்மாடி புவனா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். மூடுபனி இறங்கினால் போன் எடுக்காது என்பது இந்த மலையில் இருக்கிற நமக்கெல்லாம் வசதியான சாக்கு. அன்றைக்கோ வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு தீய்ந்து, வாடை அடுத்த வீடு வரைக்கும் போய், அவர்கள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் நான் எழுந்தேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அம்மா, அடுத்த வாரம் திங்கக்கெழம தாலியக் கழட்டி வச்சிட்டு வேலைக்குப் போவட்டுமா, வேணாமா? நீங்க என்னா சொல்றீங்களோ அதத்தான் செய்வேன்." கல்யாணப் பந்தலுக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் இன்னும் நம் வாசலில் கிடக்கின்றன, திருப்பி எடுத்துப்போக லோரி வரவில்லை. உன் கழுத்தில் இருப்பது மஞ்சள் வாசம் போகாத புதுக் கயிறு. அதற்குள் இப்படி ஒரு கேள்வி. நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள். திங்கட்கிழமை உங்கள் ஆலையில் அந்த உலையைத் திறந்து உள்ளே இருக்கிற, ஜவ்வரிசி மாதிரியான பழைய மணிகளை வெளியே எடுக்கப் போகிறீர்கள். அவற்றில் குளோரின் ஏறிப்போயிருக்கும், ஈரக் காற்று பட்டால் அமிலமாகப் புகையும். அதனால் முகம் முழுக்க மூடுகிற முகமூடி, அதன் கீழே கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் பட்டி. பட்டிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது, இருந்தால் அந்த இடுக்கு வழியாகப் புகை உள்ளே போகும். செயினானாலும் கயிறானாலும் சட்டம் ஒன்றுதான். உன் மாமியாரோ, "தாலியக் கழட்டிட்டுப் போற வேல எங்க வீட்டு மருமவளுக்கு வேணாம்லா" என்று சொல்லிவிட்டார். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். இருதலைக் கொள்ளி எறும்பு, பாவம்.

நீ போகாவிட்டால் வேறு யாரையாவது வைத்து உலையைத் திறப்பார்கள். அந்த மணிகளைச் செய்தவள் நீ. எந்த இடத்தில் எப்படி இறுகிப்போயிருக்கும் என்று தெரிந்தவள் நீ. உன்னோடு வேலை செய்கிற ஃபரிடா நீ இல்லாமல் உள்ளே கை விடுவாள் என்பதுதான் உனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு வேலையே உன் கையை விட்டுப் போய்விடும் என்பதை நீ சொல்லவில்லை, உன் குரல் சொன்னது. இந்தக் கடிதத்தை நீ உன் மாமியாருக்கும் படித்துக் காட்டலாம். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ கோபப்படுவாய், பேச்சு பாதியில் நின்றுவிடும்.

உன் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் நான் "கெமிஸ்ட்" என்பேன். அவர்கள் மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டு இருமலுக்கு மருந்து கேட்பார்கள். எனக்கே அது புரிந்தது உன் நிச்சயதார்த்தத்துக்குப் பாயசம் வைக்க ஜவ்வரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான். நீ ஒரு பிடி ஜவ்வரிசியை அள்ளி டம்ளரில் போட்டாய். "இந்தாங்க, இதான் என் மணி. பாமாயில் ஆலையோட கழிவுக் கொளத்துலேர்ந்து மீத்தேன் வருதுல்ல, சும்மா எரிச்சி விடுவாங்களே, அதப் புடிச்சி இந்த மணிங்களுக்கு நடுவுல விடுவோம். மீத்தேன் சரியான வீம்புக்காரன்மா. நாலு கையாலயும் ஹைட்ரஜனப் புடிச்சிக்கிட்டு வேற யாரையும் கிட்ட சேக்காது. மணி மேல குளோரின் ஒட்டிக்கிட்டு இருக்கும். நல்ல சூட்டுல ஒரு ஹைட்ரஜன உருவிட்டு அந்த எடத்துல குளோரின வச்சி அனுப்பிடும்."

"குடுத்துட்டா மணிகிட்ட தீந்துபோவாதா?" என்று கேட்டேன். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நான் ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி. "அதாம்மா விஷயமே! கூடவே ஹைட்ரஜன் குளோரைடும் கொஞ்சம் ஆக்ஸிஜனும் போவும். அதுலேர்ந்து மணி தனக்கு வேண்டிய குளோரினத் திரும்ப எடுத்துக்கும். குடுக்கும், வாங்கும். தான் அப்படியே இருக்கும்." சூடு கூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு குளோரினோடு நிற்காமல் இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் எரிந்து வெறும் புகையாகப் போய்விடும், ஒன்றோடு நிறுத்துவதுதான் உங்கள் வேலையே என்றாய். ஒன்றோடு நிறுத்தத் தெரியாதவர்கள் நம் தோட்டத்து லைன் வீடுகளிலும் உண்டு, அதுவும் சம்பள நாளில், என்றேன். சிரித்தோம். ஒன்றோடு நின்றால் அதற்குப் பெயர் மெத்தில் குளோரைடு, அதிலிருந்துதான் சிலிக்கோன் செய்கிறார்கள், குழந்தையின் பால்புட்டிக் காம்பு வரைக்கும் அதுதான் என்று சொன்னாய். நான் சும்மா இல்லாமல், "அது வெசமா?" என்று கேட்டேன். நீ ஜவ்வரிசியைத் திரும்பத் தட்டில் கொட்டிக்கொண்டே, "மூடி வச்சா ஒண்ணும் இல்லம்மா" என்றாய். அன்றிலிருந்து அந்த "மூடி வச்சா" என் காதை விட்டுப் போகவில்லை.

இப்போது நலங்கு நாளுக்கு வருகிறேன். அதைப் பற்றி நீயும் நானும் அப்புறம் பேசவே இல்லை. காப்புக் கட்டும் நேரம் வந்ததும் உன் அப்பாவின் தங்கை, உன் அத்தை, தட்டோடு வந்து நின்றாள். நான் வழக்கம்போல அடுப்படிப் பக்கம் ஒதுங்கினேன். கணவனை இழந்தவள் அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாகப் போய்விடும். நீ மணையில் உட்கார்ந்தபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கம்மா கட்டலன்னா எனக்குக் காப்பே வேணாம்" என்றாய். அத்தையின் முகம் தொங்கிப்போயிற்று. நான் வந்து கட்டினேன். மஞ்சள் கிழங்கு கோத்த அந்தக் கயிற்றை உன் மணிக்கட்டில் முடிச்சுக்கு மேல் முடிச்சாக இறுக்கிப் போட்டேன், எதுவும் அவிழ்த்துவிடக் கூடாது என்று. பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

காப்புக் கட்டிய பெண் வாசல் தாண்டக் கூடாது. மறுநாள் காலை உன் போன் அடித்தது. ஃபரிடா மலாயில் படபடவென்று பேசினாள், பாதி எனக்கும் கேட்டது. உலையிலிருந்து வெளியேறும் காற்றில் மிச்சமிருக்கிற அமிலத்தைக் கழுவுகிற கோபுரம் ஒன்று இருக்கிறதல்லவா, காஸ்டிக் சோடாத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவீர்களே, அந்தத் தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்ப் ஒழுகுகிறது. யாரோ பெரிய ஆட்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள், அதனால் உலையை நிறுத்த வேண்டாம் என்கிறார் மேலாளர். பம்ப் நின்றுபோனால் அமிலப் புகை கழுவப்படாமல் வெளியே வரும். நீ என்னைப் பார்த்தாய். நான் "போவாத" என்றேன். "நான் போனாத்தாம்மா நிறுத்துவாங்க" என்றாய். முகமெல்லாம் மஞ்சளோடு, பழைய டீ-சட்டையை மாட்டிக்கொண்டு, அடுப்படி வழியாகப் போய் கார் எடுத்தாய். அந்த வளைவு வளைவான பாதையில் இறங்கி, மலையடிவாரத்தில் இருக்கிற தாப்பாவைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் சித்தி சீர்த்தட்டோடு வந்துவிட்டார். "பொண்ண ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்று எழுந்தார். நம் லைன் சுந்தரி அக்காதான் காப்பாற்றினாள். பூட்டிய அறைக் கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "வயித்து வலிலா, மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்கு. இப்ப எழுப்புனா நாளைக்கி மணவறையில உக்காரும்போது செரமம், சுசாவாப் போயிடும்" என்றாள். ஆள் இல்லாத அறைக்குக் காவல். சித்தி போகிற வரைக்கும் அவள் நகரவில்லை. நானோ கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

பனி இறங்கிய பிறகு வந்தாய். பின்வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது உன் மணிக்கட்டைப் பார்த்தேன். காப்புக் கயிறு சிவந்திருந்தது. குங்குமம் பட்ட சிவப்பு இல்லை, ரத்தம் காய்ந்த மாதிரி ஒரு செம்பழுப்பு. எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் கை பட்டதால்தான் என்று தோன்றியது. தாலி இழந்தவள் கட்டிய காப்பு, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று. உன் கையைப் பிடித்து இழுத்தேன். கயிற்றுக்குக் கீழே தோல் கன்றிப்போயிருந்தது. "ஒண்ணும் இல்லம்மா" என்றாய். நான் உன்னை அடித்துவிட்டேன், தோளில், ஓங்கி. மறுநாள் மணவறையில் உட்காரப் போகிற பெண்ணை. அடித்துவிட்டு நானே தரையில் உட்கார்ந்து, "நான் கட்டியிருக்கக் கூடாது, நான் கட்டியிருக்கக் கூடாது" என்று புலம்பினேன்.

நீ என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாய். "அம்மா, ஆரத்திக்கு என்னா கலக்குவீங்க?" என்று கேட்டாய். "மஞ்சளும் சுண்ணாம்பும்" என்றேன். "என்னா கலர்ல வரும்?" நான் கயிற்றைப் பார்த்தேன். "அதேதாம்மா இது. நம்ம வீட்டுல சுண்ணாம்பு, அங்க காஸ்டிக் சோடா. கயித்துல மஞ்சளு இருந்துச்சி, தெறிச்சிது, செவந்துடுச்சி. நீங்க கட்டுனதால ஒண்ணும் ஆவல." அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாய்: "முடிச்சு தடியா இருந்ததால கையொறை மணிக்கட்டுல சரியா மூடல. அவ்ளோதான்." அந்த "அவ்ளோதான்" எனக்கு எவ்வளவோ. அதற்குப் பிறகு நீ சொன்னதெல்லாம் பாதிதான் கேட்டது: அமில வாயுவை மூடியது, ஆக்ஸிஜனை நிறுத்தியது, உலையை மெல்லமெல்ல ஆறவிட்டது, மேலாளர் கத்தியது, ஃபரிடா உன் கையைத் தண்ணீர்க் குழாயில் பிடித்துக்கொண்டே நின்றது. நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று நான் போட்ட முடிச்சு. அதன் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. மறுநாள் மங்கல நீராட்டில் அத்தை அதன்மேல் புது மஞ்சளை அப்பிவிட்டாள், யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு நடந்த பிறகும் நான் ஏன் போனில் வாயடைத்துப் போனேன் என்று உனக்குத் தோன்றும். அதற்கு நீ கேள்விப்படாத ஒரு கதை உண்டு. உனக்கு அப்போது நடக்கத் தெரியாது. நான் இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் தூள் பிரிக்கிற பகுதியில் இருந்தேன், உன் அப்பா தேயிலை காயவைக்கிற இயந்திரத்தில். என்னோடு வேலை செய்த சுந்தரி அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு நாள் குனிந்து சிந்தின தூளை வாரினபோது அவள் தாலிக் கயிறு ஓடுகிற பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. புதுக் கயிறு, அறுந்துபோகவில்லை. அவள் முகம் உருளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கத்தினோம். கத்தத்தான் செய்தோம். உன் அப்பா பாய்ந்து வந்து, சாக்குக் கயிறு அறுக்கிற கத்தியால் அவள் தாலியை அறுத்தார். அவள் பின்னால் விழுந்தாள். உருளை கயிற்றை மட்டும் சுருட்டிக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் அவளுடைய புருஷனின் அண்ணன்மார் நம் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்க வீட்டுப் பொம்பள தாலிய அறுக்க இவன் யாரு?" என்று. நானும் சும்மா இல்லை. அவர்கள் போன பிறகு உன் அப்பாவோடு சண்டை போட்டேன். "அடுத்தவன் பொண்டாட்டி தாலிய அறுத்துட்டு வந்திருக்கீங்களே, நாளைக்கி எனக்கு என்னா ஆவும்?" என்றேன். அவர் சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டே, "கயிறு தானா ராத்தா டவுன் கடையில கெடைக்கும். கழுத்து கெடைக்காது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எதையும் பெரிதுபண்ணத் தெரியாத மனிதர். எனக்கு அன்றைக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது உன் அப்பாவுக்கு மார்வலி வந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வேனில் என் மடியில் உயிர் போனதும் உனக்குத் தெரியும். அவரை எடுத்துப்போன பிறகு பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்துச் செய்தது என்னவென்று உனக்குத் தெரியாது, உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தேன். என் தாலியைக் கழற்றியபோது ஒருத்தி சொன்னாள்: "அவரு அன்னிக்கு அறுத்தது, இன்னிக்கு இவ கழுத்துல வந்து எறங்கிடுச்சி." மற்றவர்கள் "ஆமாம்" என்று தலையை ஆட்டினார்கள். பெயர் சொல்ல மாட்டேன். புவனா, நான் அதை நம்பினேன். வெளியே காட்டிக்கொள்ளாமல், தினம் நம்பினேன். அதனால்தான் நீ "தாலியக் கழட்டட்டுமா" என்று கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் அப்பா கயிற்றை அறுத்தார், நான் இழந்தேன். இப்போது நான் கழற்றச் சொன்னால் யார் இழப்பார்கள்? மாப்பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்தது, சோற்றைப் பிசைந்துகொண்டு.

நேற்று சுந்தரி அக்கா வீட்டுக்குப் போனேன். இத்தனை காலம் ஒரே லைனில் இருந்தும் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். பிறகு கேட்டேன். "அக்கா, அன்னிக்கு அவரு அறுத்தப்ப ஒனக்கு என்னா தோணுச்சி?"

அவள் கையை நிறுத்தவில்லை. "மொதல்ல மூச்சு வந்துச்சிலா. அப்புறந்தான் தாலி போனதே தெரிஞ்சிது."

"பயமா இல்லியா? ஒம் புருஷனுக்கு ஏதாச்சும்..."

"பயந்தான். ரொம்ப நாளு பயந்துகிட்டுத்தான் கெடந்தேன்." அவள் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு இன்னும் திரிங்காப் டவுனுக்குத் தலையில ஹெல்மெட்டு போடாம மோட்டர்ல போய்ட்டு வர்றாரு. முட்டக்கோசு மூட்டையத் தூக்கிப் போடுறாரு. எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு."

நான் சிரிக்கவில்லை. "என் தாலி ஒரு நாளும் கழுத்த விட்டு எறங்குனதில்ல அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மைதானே. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசினேன். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அறுபட்டவளின் புருஷன் மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அறுபடாமல் காத்தவளின் மடியில்தான் உன் அப்பாவின் தலை சாய்ந்தது. இது இத்தனை காலமும் என் கண் முன்னாலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இருந்தாலும் உன்னிடம் ஒளிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, வேலையை விட்டுவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முதல் தாளில் அதைத்தான் எழுதினேன். மலைக்கே வந்துவிடு, பிரிஞ்சாங்கில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடு, புகையும் வேண்டாம், மணியும் வேண்டாம் என்று. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? பிறகு அந்த ஜவ்வரிசி டம்ளரும் உன் முகமும் ஞாபகம் வந்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீ விட்டாலும் அந்த உலையை யாரோ திறக்கத்தான் போகிறார்கள். ஃபரிடாவுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

உன் மாமியார் மேல் கோபப்படாதே. அவர் கெட்டவர் இல்லை. நான் உனக்காகப் பயப்படுகிற மாதிரி அவர் தன் மகனுக்காகப் பயப்படுகிறார். அவர் கண்ணுக்கு அந்தக் கயிறு அவர் பிள்ளையின் உயிர். அது ஊக்கில் குத்திச் சட்டைக்குள் மறைக்கிற பொருளா, பையில் போட்டு லாக்கரில் பூட்டுகிற பொருளா? நீ அவரிடம் சட்டம் பேசியிருப்பாய், ரப்பர் பட்டி என்றிருப்பாய், இடுக்கு என்றிருப்பாய். உன் வாய் எனக்குத் தெரியாதா? படித்த திமிரில் கொஞ்சம் சிரித்தும் இருப்பாய். அதைச் செய்யாதே.

இப்போது என் பதில். கழற்றி வைத்துவிட்டுப் போ. அரை மனதோடு சொல்லவில்லை, முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் ஆலை வாசலில் நின்று அவசரமாகக் கழற்றாதே. திங்கட்கிழமை காலையில் குளித்து, சாமி விளக்கை ஏற்றி, மாப்பிள்ளையை அவர் கையாலேயே எடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொல். கட்டியவர் அவர்தானே, வாய் திறக்காவிட்டாலும் கையாவது வேலை செய்யட்டும். அந்தத் தட்டை உன் மாமியார் கையில் கொடு. "அத்தை, நான் வர்ற வரைக்கும் நீங்க வச்சிருங்க" என்று சொல். அவர் மகனின் உயிர் என்றால் அதைப் பார்த்துக்கொள்ள அவரைவிடப் பொருத்தமானவர் யார்? வேண்டாம் என்பார், அழுவார். இந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டு: சம்பந்தியம்மா, என் பெண்ணின் மணிக்கட்டில் நான் போட்ட முடிச்சுதான் அவள் கையைச் சுட்டது. இது கழுத்து. தயவுசெய்து என்னை மாதிரி செய்துவிடாதீர்கள்.

புவனா, நீயும் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். அன்றைக்கு மேலாளர் கத்தியபோதும் நிறுத்தினாயே, அந்தப் புத்தியைக் கைவிடாதே. பட்டி சரியாக இறுகியிருக்கிறதா என்று ஃபரிடாவைப் பார்க்கச் சொல், அவளுக்கு நீ பார். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் வெளியே வந்துவிடு. யார் முகத்துக்காகவும் உள்ளே நிற்காதே.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே நான் தாப்பாவுக்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தட்டு அவர் மடியில் இருக்கட்டும், நான் தொட மாட்டேன், அவர் பயத்தைக் கூட்ட வேண்டாம். என் கழுத்திலிருந்து எடுத்தவர்கள் திரும்பக் கட்டுவதற்காக எடுக்கவில்லை. உன்னுடையது ஒரு பகல் கீழே இருக்கப் போகிறது, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் நன்றாகக் குளி, கழுத்தைத் துடை, நேராக வீட்டுக்கு வா. வந்து, "அத்தை, என் தாலிய குடுங்க" என்று கேள். நீ கேட்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டோம். சீக்கிரம் வந்து கேள், அம்மாடி.

அம்மா